கர்னலும் கடற்கரைக் குதிரையும்

நாட்டின் எல்லையைக் காத்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். எல்லையைக் காத்து முடித்துவிட்டு ஊருக்கு வந்து, தெருக்காரர்களின் செருப்பையும் காத்த ராணுவ அதிகாரி உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் செங்கல்பட்டில் எங்கள் தெருவில் குடியிருந்தார். நாங்கள் அவரைக் கர்னல் என்போம்.

உண்மையில் அவர் கர்னல் இல்லை, மேஜராக ஓய்வு பெற்றவர். குடிவந்த புதிதில் நாங்களும் மேஜர் என்றுதான் கூப்பிட்டோம். பால்காரர் ஒரு மரியாதைக்காக அவரைக் கர்னல் ஆக்கினார். ஆட்டோ ஸ்டாண்டில் பிரிகேடியர் வரைக்கும் போய்விட்டார்கள். ராணுவத்தில் ஆயுள் முழுக்கக் கிடைக்காத பதவி உயர்வெல்லாம் எங்கள் ஊரில் ஒரே வருஷத்தில் கிடைத்தது. அவர் ஆட்சேபித்துப் பார்த்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் கர்னல் என்பதில் சமரசம் ஆயிற்று.

ராணுவ அதிகாரி என்றதும் முறுக்கு மீசை, இடிக்குரல் என்று நீங்கள் கற்பனை செய்திருந்தால் அழித்துவிடுங்கள். இவருக்கு மீசையே கிடையாது. குரலும் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டிய குரல். ஒல்லியான தேகம், நீல நிற பிளேசர். சித்திரை மாத வெயிலில்கூட அந்த பிளேசரைக் கழற்ற மாட்டார்.

காலை நடைக்குக் கிளம்பினால் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். பார்வை நேராகக் காலுக்குப் போகும். "இடது குதிகால் தேஞ்சிருக்கு. பையை ஒரே தோள்ல மாட்டுறீங்க. மாத்தி மாட்டுங்க" என்பார். வணக்கம், சௌக்கியமா எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒரு தடவை என் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தபோது வாசலில் கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். செருப்புத் திருடன் என்று நினைத்து என் மாமனார் கைத்தடியை எடுத்துக்கொண்டு பாய்ந்தார். கர்னல் அசரவில்லை. கையிலிருந்த ஜோடியைக் காட்டி, "இது உங்களுதா? வலது முழங்கால் வலிக்குமே" என்றார். மாமனார் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் முழங்காலைப் பற்றியே பேசினார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் கர்னலைப் பார்க்கத்தான். என் மனைவிக்கு இதில் இன்றுவரை வருத்தம் உண்டு.

அடுத்தது பாரம். கர்னலின் இரண்டு கைகளிலும் சம எடை இருக்க வேண்டும். வலது கையில் ஒரு கிலோ வெங்காயம் என்றால் இடது கையில் ஒரு கிலோ தக்காளி. தக்காளி கிடைக்கவில்லை என்றால் மார்க்கெட் வாசலில் ஒரு கருங்கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவார். அவர் வீட்டுப் பின்பக்கம் இப்படிச் சேர்ந்த கற்களை வைத்தே துணி துவைக்க ஒரு மேடை கட்டிவிட்டார்கள்.

மூன்றாவதுதான் விசேஷம். நின்றுபோன எதையும் அவர் எதிரில் திட்டக்கூடாது. தெருவில் யாருடைய ஸ்கூட்டராவது மக்கர் செய்தால், ஆள் ஓடிவந்து அதன் பக்கத்தில், அதே திசையைப் பார்த்து நின்றுகொள்வார். சீட்டின் மேல் கையை வைத்து, "சல் பேட்டா, சல்" என்று இந்தியில் கொஞ்சுவார், நட மகனே நட என்று அர்த்தமாம். எங்கள் தெரு மோட்டார் பம்பு, டிரான்ஸ்பார்மர், ஒரு முறை ரேஷன் கடைக் கைரேகை இயந்திரம் எல்லாம் இந்தக் கொஞ்சலைக் கேட்டிருக்கின்றன. பாதி நேரம் ஓடும். ஓடாவிட்டால் மெக்கானிக் வருவார். மெக்கானிக் சரிசெய்ததையும் தெரு கர்னலின் சாதனையாகவே எடுத்துக்கொண்டது.

எல்லோரும் அல்ல. தலைவர் எடுத்துக்கொள்ளவில்லை. தலைவர் என்றால் எங்கள் தெரு நலச்சங்கத் தலைவர். லாரி முதலாளி. குரலுக்கு மைக் தேவையில்லை, ஆனாலும் மைக்கை விடமாட்டார். ஒருநாள் அவருடைய லாரி செங்கல் ஏற்றிக்கொண்டு தெருவில் நுழைந்தபோது கர்னல் நடுவே போய் நின்று கையைக் காட்டி நிறுத்தினார். வலது பக்கம் பாரம் ஜாஸ்தியாம், இறக்கி ஏற்ற வேண்டுமாம். தலைவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னா சார், லாரிக்கு முதுகு வலிக்கப் போவுதா? வழிய வுடு சார்" என்றார்.

கர்னல் வழிவிடவில்லை. தெருவே கூடி, செங்கலைப் பாதி இறக்கி இடது பக்கம் அடுக்கிய பிறகுதான் நகர்ந்தார். லாரி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. கவிழாத லாரியை வைத்துக்கொண்டு யாருக்கும் எதையும் நிரூபிக்க முடியாது என்பதால், தலைவருக்கு அன்று ஏற்பட்ட எரிச்சல் அப்படியே தங்கிவிட்டது.

அந்த எரிச்சலுக்குத் தீனி குடியரசு தினத்தன்று கிடைத்தது. கொடியேற்றக் கர்னலைத்தான் கூப்பிட்டோம். தலைவர் மைக்கைப் பிடித்தார். மனதில் என்ன இருந்தாலும் மைக் கையில் வந்தால் தாராளமாகிவிடுகிற மனுஷர் அவர். பனிமலையில் எதிரிகளைப் பந்தாடியவர், பீரங்கி முன்னால் மார்பைக் காட்டியவர் என்று அடுக்கிக்கொண்டே போனார். நாங்களும் கை தட்டினோம். கர்னல் எழுந்து வந்து மைக்கை வாங்கினார்.

"நான் யாரையும் சுட்டதில்லை. பீரங்கியைக் கிட்டத்துல பார்த்ததுகூடக் கொஞ்சம்தான். எனக்குக் குடுத்தது கோவேறு கழுதைங்க" என்றார்.

அவர் பாட்டுக்குத் தன் கதையைச் சொன்னார். மதுராந்தகம் பக்கம் விவசாயக் குடும்பம். காலேஜ் முடித்து அதிகாரித் தேர்வில் தேறி, டாங்கிப் படையைக் கனவு கண்டுகொண்டு போனவர் கையில் கழுதையின் கயிற்றைக் கொடுத்துவிட்டார்கள். ரோடே இல்லாத மலை உச்சியில் காவல் இருக்கும் ஜவான்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய், தோட்டா எல்லாம் கோவேறு கழுதை முதுகில்தான் போக வேண்டும். ஒரு பக்கம் பாரம் கூடினால் கழுதை பள்ளத்தாக்கில் போய்விடும். கால் சரியில்லாவிட்டால் பாதி வழியில் உட்கார்ந்துவிடும். முன்னால் நின்று இழுத்தால் ஒரு அடி நகராது. பக்கத்தில், அது பார்க்கிற திசையை நாமும் பார்த்துக்கொண்டு நின்றால்தான் வரும். கழுதைகளுக்கு அங்கே பெயர் கிடையாதாம், எண்தான். இவர் மட்டும் ரகசியமாகப் பெயர் வைத்தார்.

"அதுல ஒண்ணுக்கு என் வீட்டுக்காரி பேரு. சொன்ன பேச்சு கேக்காது. ஆனா எந்தப் பனியிலயும் என்னை விட்டுட்டுப் போகாது" என்றார்.

நான் பதறிப்போய் கர்னல் மனைவியைப் பார்த்தேன். அந்த அம்மாள் பக்கத்துப் பெண்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர்கள் குடும்பத்தில் அதுதான் உச்சகட்டப் பாராட்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஆனால் தெரு ஏமாந்துவிட்டது. நாங்கள் பீரங்கியை எதிர்பார்த்திருந்தோம். மறுநாளே தலைவர் அவருக்குக் கழுதைக் கர்னல் என்று பெயர் சூட்டினார். தமிழில் கழுதை வருகிற பழமொழிகள் எத்தனை என்று எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. டீக்கடையில் அவர் தலையைக் கண்டதும் யாராவது ஒன்றை எடுத்து விடுவார்கள். கர்னல் சொன்னவரின் காலைப் பார்த்துவிட்டு, "லேஸ் கட்டுங்க" என்று நகர்ந்துவிடுவார். அவருக்கு வலித்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்கு வலித்தது.

அந்தத் தலைவர் வீட்டில் கர்னலுக்கு ஒரே ஒரு ஆதரவு உண்டு. அது அவர் மகள் கௌரி. வங்கியில் வேலை. தீராத இடுப்பு வலிக்கு அவள் பார்க்காத டாக்டர் இல்லை. கர்னல் அவளுடைய குதிகால் உயர்ந்த செருப்பைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார், அவள் மாற்றினாள், வலி போயிற்று. அப்பா முறைக்க முறைக்க, கல்யாணப் பத்திரிகையில் கர்னல் பெயரை அவளே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கல்யாணம் மாமல்லபுரத்தில், கடற்கரைச் சாலையோரம் ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை படூரில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். தங்கமான பையன், ஆனால் செல்போனில் ஏதோ கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை அழைப்புக்குத் தானும் குதிரையில் வர ஆசைப்பட்டுவிட்டார். அவருடைய நண்பர்கள் தேடி அலையவில்லை. மாமல்லபுரம் கடற்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் சவாரி விடும் வெள்ளைக் குதிரை ஒன்றைப் பிடித்து, மணியும் சரிகையும் கட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். அதன் பெயர் ரோஜா.

ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் மாப்பிள்ளை மண்டபத்துக்குள் காலை வைத்தாக வேண்டும். அதே சாலையில் தள்ளியிருந்த விடுதியிலிருந்து மேளதாளத்தோடு ஊர்வலம் மூன்று மணிக்கே கிளம்பிவிட்டது. நான் ஊர்வலத்தோடு நடந்துகொண்டிருந்தேன். ரோஜா கம்பீரமாகத்தான் வந்தது. ஒரு இளநீர்க் கடை வந்ததும் நின்றது. நிதானமாகத் திரும்பியது. மாப்பிள்ளையோடு விடுதிக்கே திரும்பிப் போய்விட்டது.

எல்லோரும் சிரித்தோம். மறுபடி கிளம்பியது. அதே இளநீர்க் கடை. மறுபடி திரும்பியது. இப்போது பாதிப் பேர்தான் சிரித்தார்கள். மூன்றாவது தடவை குதிரைக்காரர் முன்னால் நின்று கடிவாளத்தைப் பிடித்து இழுத்தார், நண்பர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள், மேலே டிரோன் கேமரா சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தது. ரோஜா அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு விடுதி வாசலுக்கு வந்து நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியை உதறிக் கட்டினார். சண்டைக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள்.

"மூணு வாட்டி திருப்பிக்கிச்சு. பொண்ணு வூட்டாண்ட போவ மாட்டேங்குது. வாயில்லா ஜீவனுக்குத் தெரியும்பா. எதுக்கும் ஜோசியர ஒரு வார்த்த கேட்டுக்கினு அப்பால பாக்கலாம்" என்றார்.

மாப்பிள்ளை இறங்கிக் காரில் போகிறேன் என்று கெஞ்சினார். குதிரையில் கிளம்பியவன் வழியில் இறங்குவது அதைவிட அபசகுனம் என்று மாமன் தடுத்துவிட்டார். அப்பால பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாணம் செய்துவைத்த எவருக்கும் தெரியும். செய்தி மண்டபத்துக்குப் போனது. தலைவர் அங்கிருந்து ஓடிவந்தார். அந்தக் குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மாமன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அந்த மனுஷரை அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அப்போதுதான் ஆட்டோவில் கர்னல் வந்து இறங்கினார். மண்டபத்தில் கௌரி மணப்பெண் அலங்காரத்தோடு அவர் நாற்காலிக்கு நேராகப் போய், "அங்கிள், நீங்க போய்ப் பாருங்க" என்று அனுப்பியிருக்கிறாள்.

கர்னல் நேராகக் குதிரையிடம் போனார். ரோஜாவின் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்தார். மாப்பிள்ளையை ஏறிட்டார். மாப்பிள்ளை டிரோனுக்கு முகம் தெரிவதற்காக வலது பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"லோடு நேரா உக்காரணும்" என்றார் கர்னல். லோடு சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது. டிரோனைக் கீழே இறக்கச் சொன்னார். பிறகு குதிரைக்காரரிடம் திரும்பி, பீச்சில் எங்கிருந்து எதுவரை சவாரி என்று கேட்டார்.

"கோயிலாண்ட ஏத்துவேன் சார். அந்தாண்ட பாறை வரிக்கும் போயி திருப்பிக்கினு வந்து எறக்குவேன். வாங்குன நாள்லேர்ந்து இதான். அங்க நல்லாத்தான் போவும். இங்க இன்னா பேஜாரோ தெரியல."

கர்னல் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். "இது பிடிவாதம் பண்ணலைய்யா. டியூட்டி பண்ணுது. அவ்ளோ தூரம் போகணும், திரும்பணும், ஏத்தின எடத்துல எறக்கணும். இது படிச்ச பாடம் அவ்வளவுதான். இன்னிக்கு வேற பாடம் சொல்லிக்குடுக்க நேரமில்ல. ஊர்வலத்தைத் திருப்பிப் போடுங்க."

யாருக்கும் புரியவில்லை. அவர் விளக்கினார். மண்டபத்து வாசலை ஒட்டி ஒரு பிள்ளையார் கோயில் இருக்கிறது. மாப்பிள்ளை காரில் அந்தக் கோயிலுக்குப் போக வேண்டும். அங்கே குதிரை ஏற வேண்டும். ரோஜா மண்டபத்துக்கு எதிர்த் திசையில் போகும், தன் தூரம் வந்ததும் திரும்பும், ஏற்றிய இடத்துக்கே, அதாவது மண்டப வாசலுக்கே கொண்டுவந்து சேர்க்கும். தாய்மாமன் வழியில் இறங்கக்கூடாது என்று மறுபடி ஆரம்பித்தார்.

"வழியில எங்க இறங்குறாரு? புறப்பட்ட எடத்துலதானே நிக்கிறாரு? ஊர்வலம் இன்னும் புறப்படவே இல்லை" என்றார் கர்னல். "கோயில்ல தேங்காய் உடைச்சுட்டுக் கிளம்புறதுதானே உங்க முறை?"

அதுதான் முறை. குதிரை மோகத்தில் அதை அவர்களே மறந்திருந்தார்கள். மாமனே கார் கதவைத் திறந்துவிட்டார்.

மாப்பிள்ளை காரில் பறந்தார். ஆளில்லாத ரோஜாவின் பக்கத்தில், அது பார்க்கிற திசையைப் பார்த்துக்கொண்டு, பிளேசர் பட்டனைப் போட்டுக்கொண்டு கர்னல் நடந்தார். கயிற்றைப் பிடிக்கக்கூட இல்லை, இந்தியில் குடும்ப விஷயம் பேசிக்கொண்டே போனார். இளநீர்க் கடை வந்தது. முதுகில் சவாரி இல்லாததால் ரோஜாவுக்கு அங்கே வேலையில்லை. கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டியது. குதிரைக்காரர் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

கோயிலில் தேங்காய் உடைந்தது, மாப்பிள்ளை ஏறினார், மேளம் முழங்கியது. ஆரத்தித் தட்டோடு மண்டப வாசலில் நின்ற பெண்களுக்கு யாரும் விவரம் சொல்லவில்லை. அவர்கள் கண் எதிரிலேயே மாப்பிள்ளை குதிரை மேல் உட்கார்ந்து எங்கோ போக ஆரம்பித்தார். ஒரு அத்தை ஒப்பாரிக்கே தயாராகிவிட்டார். வாசலில் கர்னலுக்கும் எனக்கும் நடுவில் நின்ற தலைவர் கைக்கடிகாரத்தையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தார். மாடி ஜன்னலில் கௌரி நின்றிருந்தாள். ஊர்வலம் வளைவில் திரும்பி மறைந்தது. மேளச் சத்தமும் தேய்ந்துவிட்டது. நாலரைக்குக் கொஞ்ச நேரம்தான் பாக்கி.

"கர்னலு" என்றார் தலைவர். "வந்துருமா?"

"வரும். வீட்டுப் பக்கம் திரும்பினா எல்லா மிருகமும் வேகமா வரும்" என்றார் கர்னல்.

வந்தது. முதலில் மணிச்சத்தம், பிறகு புழுதி, பிறகு ரோஜா. நடையில்லை, பாய்ச்சல். மாப்பிள்ளை பிடரியை இறுகப் பிடித்திருந்தார், கர்னல் சொன்னபடி லோடு நேராக உட்கார்ந்திருந்தது. பின்னால் நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே ஓடிவந்தார். தவில்காரர் தவிலை இடுப்புக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு ஓடினார். அவர்களுக்குப் பின்னால் படூரின் மொத்தக் கம்ப்யூட்டர் இளைஞர்களும் மூச்சிரைக்க வந்தார்கள். வெற்றி பெற்ற சேனை ஊருக்குத் திரும்பினால் இப்படித்தான் இருந்திருக்கும். ரோஜா ஏற்றிய இடத்தில், ஒரு சாண் பிசகாமல் வந்து நின்றது. ஆரத்தி சுற்றினார்கள். ராகு காலத்தை வெளியிலேயே நிறுத்திவிட்டு மாப்பிள்ளை வலது காலை உள்ளே வைத்தார். நாங்கள் விசிலடித்தோம். என் வயசுக்கு நான் விசிலடித்திருக்கக்கூடாது, அடித்தேன்.

ரோஜா மட்டும் அங்கேயே நின்றது. அடுத்த சவாரிக்காகக் காத்திருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தாய்மாமன் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார்.

இருட்டத் தொடங்கியதும் பந்திக்கு இலை போட்டார்கள். தலைவர் முதல் இலைக்கு முன்னால் நின்றுகொண்டு கர்னலைத் தேடினார். ஆளைக் காணோம். நானும் அவருமாகத் தேடிப்போனோம். மண்டபத்தின் பின்பக்கம், சமையல்காரரிடம் வாதாடி வாங்கிய ஊறவைத்த கடலையையும் கேரட்டையும் ஒரு அண்டாவில் போட்டு ரோஜாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். பிளேசர் கழற்றி மரத்தில் மாட்டப்பட்டிருந்தது.

"வாங்க கர்னலு, மொத எலை உங்களுக்குத்தான்" என்றார் தலைவர்.

"நீங்க உக்காருங்க. எங்க ஆளுங்க வழக்கம் வேற. முதல்ல மிருகம் சாப்பிடணும். அப்புறம் அதை நடத்திக் கூட்டிட்டு வந்தவன். ஆபீசர் கடைசி."

தலைவர் குதிரையைப் பார்த்தார். பிறகு கர்னலைப் பார்த்தார். விறுவிறுவென்று உள்ளே போனார். உள்ளே அவர் பழைய குரல் திரும்பி வந்திருந்தது, மைக் இல்லாமலே கேட்டது.

"யாரும் உக்காராதீங்க. குதிர சாப்ட்டுகினு கீது. அப்பால குதிரக்காரரு, மேளக்காரங்கோ. எங்க கர்னலு எப்ப உக்கார்றாரோ அப்பத்தான் நானு."

எங்கள் தெருவில் கழுதை என்ற சொல் கர்னல் பெயரிலிருந்து அன்றோடு கழன்று விழுந்தது. சம்பந்தி வீட்டார் உட்பட மண்டபமே இலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஜன்னலுக்கு வெளியே ரோஜா ஒவ்வொரு கேரட்டாக, துளி அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தது. எனக்கு மத்தியானமே சரியாகச் சாப்பாடில்லை, பசியில் உயிர் போயிற்று. ஆனால் அந்தப் பந்தியில் கர்னலுக்குப் பக்கத்து இலை எனக்குத்தான் கிடைக்கப் போகிறது என்று தெரிந்திருந்தால், விடிய விடியக்கூட நின்றிருப்பேன்.